விலைக்குப் போன சொல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லட்லோ என்னும் இடத்தில், 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், கூடாரமொன்றின் அடியில் வெட்டியிருந்த குழிக்குள் இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். துப்பாக்கிக் குண்டுகளுக்கு அஞ்சி அவர்கள் அதனுள் இறங்கியிருந்தார்கள். கூடாரங்கள் தீப்பற்றி எரிய, மேலே எழுந்த நெருப்பு கீழே இருந்த காற்றையெல்லாம் குடித்துவிட்டது. அக்கூடாரங்களில் இருந்தோர், சங்க உரிமை கேட்டு 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும். நிறுவன வீடுகளை இழந்து அந்தக் குளிர்காலம் முழுவதையும் கூடாரங்களில் கழித்தவர்கள். அவர்கள்மீது பாய்ந்தோர் மாநிலப் படையினரும் நிறுவனத்தின் காவலர்களும். அங்கிருந்த சுரங்க நிறுவனங்களுள் முதன்மையானது நியூயார்க்கிலிருந்த ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆளுகைக்கு உட்பட்டது.

நாடு கொதித்தெழுந்தது. பெருஞ்செல்வரின் மகன் இளைய ராக்ஃபெல்லர், தம் குடும்பத்தின் பெயரைக் காக்க ஒருவரை அழைத்தார். அவர் ஐவி லெட்பெட்டர் லீ.

1877இல் ஜார்ஜியாவில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த லீ, பிரின்ஸ்டனில் பயின்று நியூயார்க் நாளேடுகளில் செய்தியாளராக உழைத்தவர். பின்னர் நிறுவனங்களுக்காகப் பேசும் தொழிலுக்கு வந்தார். 1906இல் நிலக்கரி முதலாளிகளின் சார்பில் பணியாற்றியபோது தம் தொழிலுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டார்: எம் பணி மறைவில் நடவாது, யாருக்காகப் பேசுகிறோம் என்பது வெளிப்படை, தரும் செய்தி துல்லியமாக இருக்கும், சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அட்லாண்டிக் நகரில் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடிமறைக்கும் அக்கால வழக்கத்தை விடுத்து, ரயில் நிறுவனத்தின் சார்பிலேயே செய்தியாளரை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லச் செய்தார். அது பெருஞ்செயல். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அந்த மனிதர்தாம் எட்டாண்டுகளுக்குப் பின் லட்லோ விவகாரத்தில் பிலடெல்பியாவில் அமர்ந்து துண்டறிக்கைகள் எழுதினார். அவை டென்வருக்குச் சென்று, சுரங்க முதலாளிகள் குழுவின் பெயரில், ஆசிரியர்க்கும் அதிகாரிகளுக்கும் நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. எழுதியவர் பெயர் அவற்றில் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் ஓராண்டில் பெற்ற தொகையை ஒன்பது வார ஊதியமாக ஓர் அறிக்கை காட்டிற்று. பசியால் வாடும் தொழிலாளியின் தலைவன் பொன்னில் புரள்கிறான் என்று படிப்பவர் எண்ணவே அது வழிசெய்தது.

தொழில் உறவுகள் பற்றி ஆராய்ந்த அரசு ஆணையத்தின் தலைவர் ஃபிராங்க் வால்ஷ், லீயை நேரில் அழைத்து விசாரித்தார். அந்தச் செய்திகள் உண்மையா என்று அறிய என்ன முயற்சி செய்தீர் என்பது கேள்வி. செய்தது எதுவுமில்லை என்பதே லீ தந்த விடை. நிறுவனம் கொடுத்தது, அவர் எழுதினார். அவ்வளவே. நாம் இந்தத் தலையங்கம் எழுதக் காரணமும் அந்த விடைதான். பொய்யென்று அறிந்து எழுதினாரா என்பதை ஆராய நமக்கு ஆர்வமில்லை. பதின்மூன்று உயிர்கள் போன இடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் எதையும் ஆராயவில்லை. துல்லியம் தருவோம் என்று உலகுக்கு முதன்முதல் எழுதிக்கொடுத்தவர் அவர். அந்த வாக்கை அவரே காசுக்கு விட்டுக்கொடுத்தார். செல்வர் வீட்டு வாயிலில் நின்று பேசுவோர் இன்று எந்நாட்டிலும் உள்ளனர், பேசுவது குற்றமன்று. தான் அறியாததை அறிந்ததுபோல் பேசுவது குற்றம். அதைச் சரிபாராமல் அச்சேற்றும் ஆசிரியனும் அக்குற்றத்தில் பங்காளியே. செய்திமேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு இதைச் சொல்லும் கடமை கூடுதலாக உண்டு.

ஐவி என்பது ஒரு கொடியின் பெயருமாதலால், எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் அவருக்கு 'நச்சுக்கொடி' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இளைய ராக்ஃபெல்லர் 1915இல் கொலராடோ சென்று தொழிலாளரோடு உண்டு, சுரங்கத்துள் இறங்கிப் பார்த்தார். பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் வகுத்த தொழிலாளர் பிரதிநிதித்துவத் திட்டமும் வந்தது. ஆனால் தொழிற்சங்கத்துக்கான அங்கீகாரம் அதில் இல்லை. வேலைநிறுத்தம் அதற்கு முன்பே, 1914 டிசம்பரில், தோல்வியில் முடிந்துபோயிருந்தது.

லீயின் இறுதிக்காலம் இன்னும் இருண்டது. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் என்னும் மாபெரும் வேதிப்பொருள் நிறுவனத்துக்கு ஆலோசகராக ஆண்டுக்கு 25,000 டாலர் பெற்றார். ஹிட்லர் ஆட்சியினரைச் சந்தித்துத் திரும்பியவரை 1934இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு விசாரித்தது. அதே ஆண்டு நவம்பரில் மூளைக் கட்டியால் 57ஆம் வயதில் அவர் இறந்தார். வெளிநாட்டாருக்காகப் பேசுவோர் தம்மைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1938இல் அங்கு வந்தது.

அவருடைய தாள்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டுள்ளன. லட்லோவில் தொழிலாளர் சங்கம் 1918இல் கல் நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பியது. மாண்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அருகில் தரையோடு தரையாக ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் படிகள், அவற்றின் கீழே அந்தக் குழி.