தாயில்பட்டி டு ஒரகடம்... இன்ஜினீயரிங் அப்ரென்டிஸ்னா படிப்பா, வேலையா?

சிவகாசி ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸுக்காக நிற்கும் கூட்டத்தை ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. தோளில் லேப்டாப் பேக், கையில் அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா, ஃபைலுக்குள் ஒரு பெரிய கம்பெனியின் லெட்டர். அதில் 'கிராஜுவேட் அப்ரென்டிஸ்' என்று இருக்கும். ஊரிலோ, 'பையன் பெரிய கம்பெனியில இன்ஜினீயரா சேர்ந்துட்டான்' என்று பேச்சு ஓடிக்கிட்டிருக்கும். இந்த ரெண்டும் ஒண்ணு இல்லை. அந்த வித்தியாசம் பல பேருக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் புரியுது.

தாயில்பட்டி பக்கம் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். வெம்பக்கோட்டை வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமியும் பட்டாசு ஷெட்டுகளும்தான். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025 ஜூலை 1-ம் தேதி சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் ஒரு விபத்து, மறுபடியும் உயிர்ப்பலி. 'இந்த மருந்து வேலை என்னோட போகட்டும்' என்று நினைத்துதான் பல வீடுகளில் பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்க்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று லெட்டர் வந்தால், அதில் என்ன எழுதியிருக்குன்னு யாரும் ரெண்டாவது தடவை படிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

அப்ரென்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 1973 திருத்தத்துக்குப் பிறகுதான் இன்ஜினீயரிங் பட்டதாரிகளும் டிப்ளோமாக்காரர்களும் இதற்குள் வந்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை அப்ரென்டிஸ்களை எடுத்தே ஆகணும். உங்களுக்கு லெட்டர் வந்ததற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஆனா, இதே சட்டத்தின் 18-வது பிரிவு, அப்ரென்டிஸ் என்பவர் 'பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல' என்கிறது. அதனால் பி.எஃப், இ.எஸ்.ஐ கிடையாது. கையில் வருவது சம்பளமும் இல்லை, ஸ்டைபெண்ட். 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய், டிப்ளோமாவுக்கு 8,000 என்று நிர்ணயித்தன. நாட்ஸ் எனப்படும் தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தில், இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொள்கிறது. 5,000 முதல் 9,000 வரை இருந்த ஸ்டைபெண்டை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று மத்திய அப்ரென்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரை செய்தது. கையெழுத்துப் போடுற அன்னிக்கு எந்தத் தொகை அமலில் இருக்கு என்பதை நாட்ஸ் போர்ட்டலில் பார்த்துக்கோங்க.

பெருநிறுவனங்களுக்கான பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் இதையும் சிலர் குழப்பிக்கிறாங்க. அது 2024 அக்டோபரில் தொடங்கிய தனித் திட்டம், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய்.

யார் காசில் இந்தப் பயிற்சி?

இந்த ஸ்டைபெண்டில் ஒரகடம் பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, போனுக்கு ரீசார்ஜ் போட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்து போகணும். கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் இருந்தால் மூச்சு விடலாம். இல்லைன்னா மாசக் கடைசியில் வீட்டுக்குத்தான் போன் போகும். வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வருது? ஷெட்டிலிருந்துதான். பிள்ளை தொழிலாளி இல்லைன்னு சட்டம் சொல்லும் அந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்து, அம்மா மருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்காங்க. கம்பெனி பாதி, அரசாங்கம் பாதி என்பது பேப்பர் கணக்கு. மூணாவதா ஒரு பங்கைத் தாயில்பட்டியும் கொடுக்குது.

அதனால்தான் 'அங்க என்ன கத்துக்கிட்ட?' என்ற கேள்வியைச் சும்மா விட முடியாது.

சிவகாசியின் தொழிலே ஒரு அப்ரென்டிஸ் கதையில்தான் தொடங்குது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்காரர்கள் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தா போனார்கள். சில மாதங்களில் மொத்தத் தொழிலையும் தெரிஞ்சுக்கிட்டு ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு எழுந்ததுதான் இன்னிக்கு இருக்கும் சிவகாசி.

இப்போ ஒரு அசெம்ப்ளி லைனைப் பாருங்க. அப்ரென்டிஸை ஒரே ஸ்டேஷனில் நிறுத்தி, ஒரே போல்ட்டை வருஷம் முழுக்க டைட் பண்ண வெச்சா, அவருக்கு அந்த போல்ட்தான் தெரியும். 'காலேஜிலிருந்து வர்றவங்களுக்கு ஷாப் ஃப்ளோர் அனுபவமே இல்லை, பயிற்சி கொடுக்க எங்களுக்கும் செலவு' என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் இருக்கு. ஆனா, உற்பத்தி, குவாலிட்டி, மெயின்டனன்ஸ், பிளானிங் என நாலு இடத்திலும் சுத்திவந்தவருக்குத்தான் அந்த அனுபவம் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்னவர் கொடுத்தது குறைஞ்ச செலவில் ஒரு வருஷ உழைப்பு, அவ்வளவுதான்.

முடிச்சா வேலை உண்டா?

கட்டாயம் இல்லை. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கணும் என்று மட்டும் சொல்லுது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், அங்கே பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரணும் என்பது 1995-ல் உத்தரப்பிரதேச போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னுரிமை வேறு, வேலை உத்தரவாதம் வேறு.

ட்ரெயின் ஏறும் முன்...

* லெட்டரில் 'அப்ரென்டிஸ்' என்று இருக்கா, 'ட்ரெயினி' என்று இருக்கா பாருங்க. அப்ரென்டிஸ் என்றால் ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகணும். பதிவுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

* எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாசம் என்ற பயிற்சித் திட்டத்தைக் கேளுங்க. தினமும் செய்த வேலையை நோட்டில் எழுதிவையுங்க. அடுத்த இன்டர்வியூவில் பேசப்போவது அதுதான்.

* 'போன வருஷ பேட்ச்சில் எத்தனை பேரை எடுத்தீங்க?' என்று ஹெச்.ஆரிடம் கூச்சப்படாமல் கேளுங்க.

* தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. அப்ரென்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் உங்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்ல முடியாது.

* சென்னை மட்டுமே வழி இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும், மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் அப்ரென்டிஸ்களை எடுக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் வாடகை மிச்சம்.

இதையெல்லாம் கேட்டால் 'ரொம்பப் பேசுறான்' என்று நினைப்பாங்களோன்னு ஒரு தயக்கம் வரும். வரட்டும். அந்த முறுக்கு டப்பாவைக் கட்டிக்கொடுத்தவங்க, மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வேன் ஏறுவாங்க. அவங்களுக்காகவாவது லெட்டரை ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.