வீட்டுத்தோட்டம்: ஆடி வெயிலில் நாற்றுமேடை



ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சி முடிந்ததும் நாற்றுமேடை வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஐப்பசியில் மாரி மழை பிடிக்கும்போது நடுவதற்குக் கத்தரி, மிளகாய்க் கன்றுகள் தயாராக இருக்க வேண்டுமென்றால், ஆவணிக் கடைசியில் விதை போட வேண்டும். அதற்கு முந்திய ஒன்றரை மாதம் மண்ணுக்கு உரியது. கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் குளிருக்குப் பயந்து பங்குனியில் வீட்டுக்குள்ளே சட்டிகளில் விதை போடுகிறார்கள். எங்களுக்கு இடைஞ்சல் தருவது வெயிலும் சோளகக் காற்றும். ஆனால் அந்த வெயிலைக் கொண்டே மண்ணைச் சுத்தம் செய்யலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் 2009 க்குப் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இப்படி நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்திய பின்பே மண்வெட்டி போடுங்கள். கொத்தும்போது இரும்புத்துண்டு போல ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு உடனே அறிவியுங்கள். நாற்றுமேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது பழைய வழக்கம். இத்தகைய காணிகளில் தீ வைப்பதை நான் விரும்புவதில்லை. மண்ணுக்குள் வெடிபொருள் எஞ்சியிருந்தால் சூட்டில் வெடிக்கலாம்.

இனி மேடை. இரு பக்கமும் நின்று கை எட்டுமளவு 3 அடி அகலம், 10 அடி நீளம். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்குங்கள். கோரைக் கிழங்கை ஒன்றும் விடக்கூடாது. வேலியில் நிற்கும் பூவரசு, கிளிசரிடியாக் குழைகளை நறுக்கித் தாழ்த்துங்கள். கிடந்து இறுகிய செம்மண்ணுக்குக் குழையைப் போல மருந்து வேறில்லை. அதன்மேல் நன்றாக மக்கிய மாட்டெரு இரண்டு கடகம் கலந்து, அரை அடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம்.

பிறநாட்டுத் தோட்டக்கலை நூல்கள் பல, சுண்ணாம்பு போடச் சொல்லும். அது அவர்களின் புளித்த மண்ணுக்கு. எங்கள் காலடியிலேயே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீரிலும் அது கரைந்து வருகிறது. ஆகவே அடுப்புச் சாம்பலையும் மேடையில் கொட்டாதீர்கள். எறும்பு விதையைக் காவாமலிருக்க ஓரத்தில் தூவினால் போதும். யூரியாவும் இப்போது தேவையில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மண்ணில் மிஞ்சும் உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும், அந்தத் தண்ணீரில்தான் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிறோம்.

மேடையை ஊற நனைத்து, நிறமில்லாத மெல்லிய பொலித்தீனால் மண்ணோடு ஒட்ட மூடுங்கள். கறுப்புப் பொலித்தீன் இந்த அளவு சூடு தராது. சோளகம் கிளப்பாதபடி நாற்புறமும் மண் அணைத்து, ஆறு கிழமை அப்படியே விடுங்கள். உள்ளே சூடேறி, நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சணங்களும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். முளைத்த கன்று அடித்தண்டு கறுத்துச் சரிவதைப் பார்த்து, விதை பிழை என்று கடைக்காரரை ஏசுகிறோமே, அநேகமாக அந்தப் பூஞ்சணத்தின் வேலைதான் அது.

பொலித்தீனை எடுத்த பின் ஆழக் கொத்தாதீர்கள், கீழேயுள்ள நோயும் களையும் மேலே வந்துவிடும். விரலால் கீறி, மூன்று அங்குல இடைவெளியில் வரிசை போட்டு, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். மேலே வைக்கோல் பரப்பி, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள். முளை கண்டதும் வைக்கோலை எடுத்து, காற்று வரும் பக்கம் கிடுகால் மறைப்புக் கட்டுங்கள். தீவகம் போன்ற உவர்க் கிணற்றுப் பகுதிகளில் இருப்போர், இந்த ஒரு மேடைக்காவது நல்ல தண்ணீர் எடுத்து வருவது நல்லது. இளங்கன்று உப்பைத் தாங்காது.

நான்கு ஐந்து கிழமையில் கன்று நடும் பருவத்துக்கு வந்துவிடும். நடுவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, மறைப்பையும் எடுத்துவிடுங்கள். பொலித்தீனைக் கழுவி மடித்து வைத்தால் அடுத்த ஆடிக்கும் உதவும்.