கொத்தனார் பேரில் பட்டாவா?

டிப்ளமோ கைக்கு வருவதற்கு முன்பே நம்மில் பல பேருக்குத் தொழில் வந்துவிடுகிறது. மயிலாப்பூரில் வீணை சொல்லிக் கொடுக்கும் ஒரு மாமி, அடையாறில் ஓய்வு பெற்ற பிறகு கட்டுரை எழுதத் தொடங்கிய ஒரு வாத்தியார், தி.நகரில் பரதநாட்டிய உடை தைக்கும் ஒரு டெய்லர் என்று யாராவது கூப்பிட்டு, "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடேன், கூடவே ஒரு பிளாக்கும் வேணும்" என்கிறார்கள். மார்கழி சீசனுக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லி நாமும் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறோம். நல்ல விஷயம்தான். வீட்டில் கை நீட்டாமல் பரீட்சை ஃபீஸ் கட்டலாமே!

ஆனால் நண்பர்களே, வேலை முடிந்தபின் அந்த வெப்சைட் யாருடையது?

இது என்ன கேள்வி, காசு கொடுத்தவருடையதுதான் என்பீர்கள். நடப்பது அதுவா? டொமைன் பெயரை நம் பெயரில், நம் ஈமெயில் கொடுத்துப் பதிவு செய்கிறோம். ஹோஸ்டிங் நம் கணக்கில். பாஸ்வேர்டு நம் நோட்டில். கேட்டால், "அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று ஒரு சமாதானம். புரியாது என்பதற்காக, வீடு கட்டிய கொத்தனார் தன் பேரில் பட்டா வாங்கிக்கொண்டால் ஒத்துக்கொள்வோமா? (சிவில் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்!)

டொமைன் பெயர் நிரந்தரச் சொத்து இல்லை, அது குத்தகை. 2005 முதல் நிக்ஸி அமைப்பு நடத்திவரும் பதிவகத்தில் ஒரு .இன் பெயரை 1 வருஷத்திலிருந்து 10 வருஷம் வரை எடுக்கலாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் அவருடைய ஈமெயிலுக்குத்தான் போகும். நாம் நாளைக்கு வேலை கிடைத்து ஓசூருக்கோ துபாய்க்கோ போய்விடுவோம். பழைய ஈமெயிலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். கெடு தாண்டினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மாமி விசிட்டிங் கார்டில் அடித்து, சபா சபாவாகக் கொடுத்த முகவரியில் வேறு எவனோ சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பான். பதில் சொல்ல வேண்டியது யார்?

சட்டம் இன்னும் வேடிக்கை. ஸ்டுடியோவில் காசு கொடுத்துப் போட்டோ எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதன் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. அதே சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகக் கணக்கில் வைத்திருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்காமல், தனியாக எழுதிக் கொடுத்தால் முதல் உரிமை எழுதியவனுக்குத்தான். அதை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான் செல்லும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். முழுப் பணமும் கொடுத்த வாத்தியாருக்கு இது தெரியுமா? நமக்கே தெரியாதே!

"அப்ப இலவசமா ஒரு பிளாக் போட்டுக் கொடுத்துட்டா பிரச்சினை இல்லியே?" என்று ஒரு நண்பன் கேட்டான். இலவச இடம் என்பது ஊரான் திண்ணை. 1990களில் தொடங்கி லட்சக்கணக்கானவர்கள் ஜியோசிட்டீஸில் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். யாஹூ 1999ல் அதை வாங்கியது; 2009 அக்டோபரில் மூடியது. நகல் எடுத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களுடைய பக்கங்களில் தன்னார்வலர்கள் காப்பாற்றியதுதான் மிச்சம். திண்ணையில் உட்காரலாம், தப்பில்லை. மூட்டை நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. மாதம் ஒரு தடவை எப்படி இறக்குவது என்று வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுக்க அரை மணி போதும்.

தமிழுக்கு இன்னொரு கவலையும் உண்டு. டி.டி.பி. கடையில் பழைய ஃபாண்ட்டில் அடித்த கட்டுரையை வாத்தியார் கொண்டுவந்து தருவார். அதைப் படமாக ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பக் கூடாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று குறிமுறைகளை வகுத்தார்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று யூனிகோடில் மாற்றிப் போட்டால்தான் தேடினால் கிடைக்கும், வேறு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் பட்டா கையில் இருந்தும் படிக்க முடியாத கதைதான்.

சரி, மறுபக்கத்தையும் பார்ப்போம். "சாவியைக் குடுத்துட்டா பாக்கிப் பணம் யார் தருவா?" இந்தப் பயம் நியாயமானது. மாணவன்தானே என்று பாதிக் காசோடு அனுப்பிவிடுகிறவர்கள் தி.நகரிலும் உண்டு, திருவல்லிக்கேணியிலும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து அவர் பெயரைப் பிடித்து வைத்துக்கொள்வது இல்லை. டொமைனை முதல் நாளே அவர் பெயரில், அவர் செலவில் வாங்கச் சொல்லுங்கள். நம் கூலியை மூன்று தவணையாக வாங்குங்கள்: தொடங்கும்போது, மாதிரி காட்டும்போது, ஒப்படைக்கும்போது. கடைசித் தவணை வரும்வரை நாம் எழுதிய புரோகிராம் நம்மிடமே இருக்கட்டும். வந்த அன்றைக்கே எல்லாப் பாஸ்வேர்டையும் அவரை வைத்தே மாற்றச் சொல்லுங்கள். வருஷாவருஷம் பராமரிப்பு வேண்டுமா? அதற்குத் தனிக் கூலி பேசுங்கள். வேலை பிடித்திருந்தால் அவரே நம்மைத் தேடி வருவார். சாவி நம்மிடம் இருப்பதால் வருகிறவர் வாடிக்கையாளர் இல்லை, சிறைக்கைதி.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கலைவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறோம், மலருக்கு விளம்பரம் பிடிக்கிறோம். கூடவே தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவமும் அச்சடித்து மாணவர்களுக்குக் கொடுக்கலாமே? டொமைன் யார் பெயரில், தவணை எவ்வளவு, உரிமை யாருக்கு, எத்தனை வருஷம், புதுப்பிக்கும் தேதி என்ன - ஐந்தே வரி, கீழே இரண்டு கையெழுத்து. மாமிக்கும் புரியும், நமக்கும் பாக்கி வரும். அடுத்த மலர் வருவதற்குள் இதைச் செய்துவிடலாம்.