சில்லுக்குள் ஒரு சமையல் குறிப்பு

பெங்களூரில் நம்மவர் வீடுகளில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், "அது ஹார்டுவேர்காரர்கள் பாடு" என்று பலரும் நழுவி விடுகிறார்கள். அப்படி ஒதுக்கத்தக்க விஷயமல்ல அது என்பது என் கருத்து.

"ரசம் வை" என்பது இரண்டே சொல். புளி கரைப்பது, மிளகு சீரகம் தட்டுவது, நுரை கூடும்போது இறக்குவது, தாளிப்பது எல்லாம் சமைப்பவர் கைக்குத் தெரியும். பிராசசரும் இப்படித்தான். எளிய கட்டளைகளை அதன் மின்சுற்றுகள் நேரே செய்துவிடும். சிக்கலான கட்டளை வந்தால், சில்லுக்குள்ளேயே பதித்திருக்கும் குறிப்பைப் பார்த்துப் படிப்படியாகச் செய்யும். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் மைக்ரோகோட். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1951-ல் சொன்ன யோசனை இது.

பதித்ததில் பிழை இருந்தால்? 1994-ல் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போட்டது. அது மைக்ரோகோட் பிழையல்ல. உள்ளே ஓர் அட்டவணையில் சில கட்டங்கள் விட்டுப்போயிருந்தன. அவ்வளவுதான். ஆனால் விற்ற சில்லை வெளியிலிருந்து திருத்த வழியில்லை. மாற்றித் தருவதற்கு இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. 1995-ல் வந்த பென்டியம் புரோவில், மைக்ரோகோடுக்கு ஒட்டுப் போட இடம் வைத்தார்கள். மின்சாரம் நின்றால் அந்த ஒட்டு மறைந்துவிடும். கணினியைப் போடும்போதெல்லாம் புதிதாக ஏற்ற வேண்டும்.

வசதிதான். ஆனால் ஒட்டில் என்ன இருக்கிறது என்று வாங்கியவர் படிக்க முடியாது; சங்கேதத்தில் பூட்டித் தருகிறார்கள். 2018 ஜனவரியில், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைக்காக வந்த ஒட்டைப் போட்டதும், சில கணினிகள் தாமாகவே நின்று மறுபடி கிளம்பின. "இப்போதைக்குப் போடாதீர்கள்" என்று இன்டெல்லே சொல்ல நேர்ந்தது. கள்ள ஒட்டு நுழையாதிருக்கப் பூட்டு வேண்டாமா என்பார்கள். அதற்குத் தயாரித்தவரின் முத்திரை போதுமே! நம் பணத்தில் வாங்கிய பொருளின் குறிப்பை நாம் படிக்கக் கூடாது என்பதற்கு அது காரணமாகாது.

இது அமெரிக்காக்காரர்கள் சமாசாரம் என்று இருந்துவிட முடியாது. 2008-ல் இன்டெல் வெளியிட்ட ஆறு கோர் ஜியான் 7400 இந்தப் பெங்களூரில் வடிவமைத்ததுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' பிராசசரின் வடிவமைப்பையோ யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். 2018-லேயே அந்தச் சில்லில் லினக்ஸ் ஓடிற்று.

கோடை விடுமுறையில் நம் சங்கம் இசைக்கும் நாட்டியத்துக்கும் வகுப்பு வைப்பதுபோல, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை இதையும் வைக்கலாம். தலைக்கு ஒரு பழைய கணினி, சக்தியின் வடிவமைப்புக் கோப்புகள், கரும்பலகை இருந்தால் போதும். சில்லு வடிவமைப்பில் இருக்கும் நம்மவர்கள் முறை வைத்துக்கொண்டு பாடம் எடுக்க முன்வர வேண்டும்.