கைக்குழந்தையின் தஞ்சக் கோரிக்கை

கடந்த மாதம் கிழக்கு இலண்டனில், ஈஸ்ற்ஹாம் பகுதியிலே, எமக்கு அறிமுகமான இளங்குடும்பம் ஒன்றின் முப்பத்தொராம் நாள் விருந்துக்குச் சென்றிருந்தோம். துடக்குக் கழித்துப் பெயரும் சூட்டிய பின்னர், உணவு பரிமாறுவதற்கு முன்பாக மண்டபத்தின் விளக்குகளை அணைத்துச் சுவரிலே வெண்துணி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். குழந்தையின் தாய்மாமனும் அவனுடைய நண்பர்களும் கைத்தொலைபேசியில் எடுத்துத் தாமே தொகுத்த பதினொரு நிமிட வீடியோப் படம் அதிலே ஓடியது.

படத்தின் பொருள் தஞ்சக் கோரிக்கை விசாரணை. தாய்மாமன் கழுத்துப்பட்டி அணிந்து அதிகாரியாகத் தொட்டிலின் முன் அமர்ந்திருக்கிறான். "எந்தெந்த நாடுகளைக் கடந்து இங்கு வந்தீர்?" என்று கைக்குழந்தையிடம் வினவுகிறான். குழந்தை வீறிட்டு அழுகிறது. மொழிபெயர்ப்பாளராக வரும் நண்பன், "ஒன்பது மாதம் இருட்டறையில் அடைபட்டிருந்தாராம், வழியொன்றும் தெரியவில்லை என்கிறார்" என்கிறான். "கடவுச்சீட்டு எங்கே?" "முகவர் பறித்துக்கொண்டார் என்கிறார்." குழந்தை மீண்டும் அழுகிறது. "இப்போது என்ன சொல்கிறார்?" "பசிக்கிறதாம்." அதிகாரி முகம் மலர்ந்து, 'பொருளாதார நோக்கில் வந்தவர்' என்று எழுதிக்கொள்கிறான். மண்டபம் அதிர்ந்தது. குறொய்டனில் லூனார் ஹவுஸ் வாசலிலே விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்றவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். நாமும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

விருந்து முடிந்தபோது பெரியவர்கள் இருவர் எம்மிடம் வந்து, நாம் பட்ட துன்பத்தைக் கேலிப்பொருளாக்கலாமா, இதனைக் கண்டித்து எழுதக்கூடாதா என்று கேட்டார்கள். எழுதுகிறோம், ஆனால் அவர்கள் எதிர்பார்த்தவாறு அன்று.

துன்பத்தைப் பகிடியாக்கியவர்கள் எமது மரபில் புதியவர்கள் அல்லர். கூத்திலே அரசன் வருவதற்கு முன்பே அரசனைக் கிண்டல் செய்யக் கட்டியகாரன் வந்துவிடுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் புராணம் என்ற பெருவடிவத்தையே எடுத்து, வண்ணார்பண்ணைத் தாசி ஒருத்தியின்மேல் 'கனகி புராணம்' பாடி, அவள் வாசலுக்குச் சென்றுவந்த ஊர்ப்பெரிய மனிதர்களின் மானத்தை வாங்கினார். இலங்கை வானொலியிலே சானாவின் 'இலண்டன் கந்தையா' ஒலித்த காலத்தை எமது மூத்தோர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அதிகாரத்தின் முன் வாய்மூடி நின்றவன், வீட்டுக்கு வந்து அந்த அதிகாரியைப்போலப் பேசிக்காட்டுவதிலே ஒரு மீட்சி இருக்கிறது. விசாரணை அறையில் நாம் ஐந்து நிமிடம் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஐந்து சொற்களில் முடித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் எமக்கும் உண்டு. அன்று அழமுடியவில்லை; இன்று சிரிக்கவாவது விடுங்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. படத்தின் இடையிலே பழைய சினிமாப் பாடலொன்றின் மெட்டுக்கு வேறு சொற்களை இட்டுப் பாடியிருந்தார்கள். பிரித்தானியாவில் 2014 ஒக்ரோபர் 1 முதல், பிறருடைய ஆக்கத்தை நியாயமான அளவிலே நையாண்டிக்குப் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலே இடம் உண்டு. முழு இசைத்தட்டையும் பின்னணியில் ஓடவிடுவது அந்த அளவுக்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 2007 இல் ஒரு தாய், தன் கைக்குழந்தை சமையலறையில் ஒரு பாட்டுக்கு ஆடிய 29 விநாடிக் காட்சியை இணையத்தில் இட, இசை நிறுவனம் அதனை நீக்கச் செய்தது. அவர் வழக்காடினார். நீக்கும்படி கேட்பதற்கு முன் நியாயமான பயன்பாடா என்று சிந்தித்திருக்க வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015 இல் கூறியது. 29 விநாடிக்கு எட்டு ஆண்டுகள்! குழந்தை அதற்குள் பள்ளி மாணவனாகியிருக்கும்.

எம்மை உறுத்தியது வேறு. படத்தின் இறுதியில் அதிகாரி தீர்ப்பை வாசிக்கிறான். "உமது கூற்றிலே நம்பகத்தன்மை இல்லை" என்று தொடங்கி, நீண்ட ஒரு வசனம். எல்லோரும் சிரித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போனார். நாமும் பின்னால் சென்றோம். மழைத்தூறலில் நின்றுகொண்டிருந்தார். "சேர், அந்த வசனம் என்ர கடிதத்தில இருந்தது" என்றார். நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று, ஆங்கிலம் தெரிந்தவர் என்று குழந்தையின் தகப்பனாரிடம் வாசித்துக் காட்டக் கொடுத்திருக்கிறார். கடிதம் அந்த வீட்டு மேசையில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தார் பேச்சிலே பகிடி என்றொரு சொல் உண்டு. பல்கலைக்கழகத்திலே பகிடிவதை என்றொரு சொல் உண்டு. நாம் விரிவுரையாளராக இருந்த நாள்களில் மாணவர்கள் மேடையேறி எமது நடையையும் தொண்டை செருமலையும் நடித்துக்காட்டியதுண்டு. அது பகிடி, எமக்கு அடுத்த நாள் வகுப்பிலே பதில் சொல்லும் உரிமையும், கொஞ்சம் அதிகாரமும் இருந்தன. மூத்த மாணவர் புதியவனை நடுவில் நிறுத்திச் சிரித்தது மற்றையது. 1997 இல் பேராதனையில் மாணவர் ஒருவரின் உயிர் அதனாற் போன பின்னரே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதிகாரியையும் மொழிபெயர்ப்பாளரையும் முகவரையும் பார்த்துச் சிரித்த பத்து நிமிடமும் முதலாவது வகை. அந்தக் கடிதத்தின் வசனம், வைத்தவர்களுக்குத் தெரியாமலே, இரண்டாவது வகைக்குப் போய்விட்டது. பதில் சொல்லும் வசதி அவருக்கு எங்கே இருந்தது? மேன்முறையீடு நிலுவையில் இருக்கும் மனிதர், ஐம்பது பேர் முன்னிலையில் எழுந்து "அது என் வாழ்க்கை" என்று சொல்லுவாரா?

இன்னொன்றும் உண்டு. விருந்து முடிவதற்குள்ளாகவே அந்தப் படம் வட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. பெற்றோரின் சொந்தக் கோரிக்கையும் இன்னும் தீர்க்கப்படவில்லை. 1983 சனவரி முதல் இந்நாட்டிலே பிறந்தமையால் மாத்திரம் எவரும் பிரித்தானியக் குடிமகன் ஆவதில்லை. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். நாற்பத்திரண்டு நாள்களுக்குள் பதிந்து பெறும் பிறப்புச் சான்றிதழ் குடியுரிமைப் பத்திரமன்று. பின்னர் பெற்றோருக்கு வதிவிடம் கிடைத்தால் பிள்ளையைப் பதியலாம். அன்றேல் முதற் பத்தாண்டுகளை இங்கே கழித்த பின் பதியலாம். அதற்குப் பெருந்தொகைக் கட்டணம். வசதியற்ற பிள்ளைகளுக்கு 2022 யூன் முதல் கட்டண விலக்குக் கோர வழி செய்யப்பட்டிருக்கிறது. எம்மவர் பலர் இதனை அறியார். இலங்கைக் குடியுரிமை வேண்டுமாயின் பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்திலே பதியவேண்டும். அந்த வாசலை மிதிக்க அஞ்சித்தானே இங்கே தஞ்சம் கேட்டார்கள்? ஆகவே தொட்டிலில் கிடந்த அந்தப் பாலகனிடம் கேட்கப்பட்ட "கடவுச்சீட்டு எங்கே" என்ற கேள்வி, படம் எடுத்தவர்கள் எண்ணியதைவிட மெய்யானது.

இந்நிலையிலே தாயின் முகமும் தகப்பனின் முகமும் குழந்தையின் பெயரும் தெரிய, முகவரைப் பற்றிய பகிடியுடன் ஒரு படம் ஊரூராகச் சுற்றுவது விவேகமன்று. விளையாட்டை விளங்காத ஓர் அதிகாரி அதைக் காணமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஊரிலே இருக்கும் உறவினரின் வாசலில் யார் வந்து விசாரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? முன்பு சாமத்தியவீட்டு வீடியோக் கொப்பி தபாலிலே கனடாவுக்கும் கொழும்புக்கும் போகும். போன வீடுகளை எண்ணிவிடலாம். இப்போது எண்ணவும் முடியாது, திருப்பி வாங்கவும் முடியாது.

இவற்றைத் தாய்மாமனிடம் சொன்னோம். இருபத்திரண்டு வயதுப் பொடியன், தலைகுனிந்து கேட்டான். "அந்த வசனம் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியாது, சேர். மேசையில கிடந்தது, நல்லா இருந்தது, எடுத்தன்" என்றான். அவன் சொன்னதை நாம் நம்புகிறோம். அனுப்பியவற்றை நீக்கும்படி குழுக்களுக்கு எழுதினான். எத்தனை பேர் நீக்கினார்களோ. கடிதக் காட்சியை வெட்டி, ஒன்பது நிமிடப் பிரதி ஒன்றை மாத்திரம் வீட்டிலே வைத்திருக்கிறார்கள். எமக்கு அது முன்னதைவிடச் சுவையாகவே தோன்றியது; குழந்தையின் பசியோடு முடிகிறது.

வெளியேறிச் சென்றவர் அதன் பின் அந்த வீட்டுக்கு வரவில்லை. தகப்பனார் இரண்டு முறை நேரிலே சென்று கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். குழந்தைக்குப் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டைக்கு மீண்டும் போய் அழைக்கப் போவதாகச் சொன்னார்.