பாட்டியைக் கொல்லாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது "குட்டிக்கதை எழுதுவது எப்படி?" பதிவு இல்லை. அப்படித் தலைப்பு வைக்கிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை :-) குட்டிக்கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரியா என்பதுதான் இங்கே மேட்டர்.

பட்டறை, போட்டி, காலேஜ் தமிழ் மன்றம், எங்கே போனாலும் மூணே பாடம்தான். ஒண்ணு, வார்த்தையைக் குறை. ரெண்டு, சுத்தி வளைக்காம நேரா ஆரம்பி. மூணு, கடைசி வரியில் தூக்கிப் போடு. முதல் ரெண்டும் ஓகே. மூணாவது பாடத்தை ஒரு பத்து வருஷத்துக்குத் தடை செய்தால் தமிழுக்கு நல்லது என்பது என் தாழ்மையான கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். எங்க ஆபீஸ்ல ஒரு கதைப்போட்டி வைத்தார்கள். ஒரு ஜூனியர் பொண்ணு எழுதின கதை இது. பாட்டிக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஆனாலும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை விடவில்லை. புள்ளியெல்லாம் கோணல். பாட்டி உள்ளே போனதும் பேத்தி சத்தமில்லாமல் போய் அழித்து, திருத்திப் போட்டுவிட்டு வருவாள். ஒரு நாள் வெயில் வந்ததும் பாட்டி வாசலுக்கு வந்து உத்துப் பார்த்துவிட்டு, "கை இன்னும் பழசை மறக்கலை பாரு" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

படித்துவிட்டு ரெண்டு நிமிஷம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்குப் போவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருத்தர் அவளிடம், "நல்லாருக்கு, ஆனா எண்டிங்ல பஞ்ச் இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார். போட்டியில் வந்த கதையில் கடைசி வரி மாறியிருந்தது. பாட்டி செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறதாம். பேத்தி பேசிக்கொண்டிருந்தது சுவரில் மாட்டிய போட்டோவோடயாம். அநியாயமாக ஒரு நல்ல பாட்டியைக் கொன்றுவிட்டார்கள் :-(

அந்தப் பொண்ணு கையில் இருந்தது அவள் கண்ணால் பார்த்த விஷயம். அதைப் பிடுங்கிக்கொண்டு, எல்லாரும் வைத்திருக்கிற ஒரு பிளாஸ்டிக் பூவைக் கொடுத்தாயிற்று. ஒரு ட்விஸ்ட்டுக்காக நாம கொடுக்கிற விலை இதுதான்.

இந்த ட்விஸ்ட்களில் மொத்தம் ஆறேழு வகைதான் இருக்கும். பேசினது நாய். காதலித்தது ஸ்கூட்டர். நடந்தது கனவு. நின்றது ஆவி. பிச்சைக்காரர்தான் பெற்ற அப்பா. போட்டோவுக்கு மாலை. இதில் ஒண்ணை எடுத்து ஒட்டினால் கதை ரெடி. கதையில் இருக்கிற எல்லாருக்கும் உண்மை தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும், வாசகனுக்கு மட்டும் தெரியாது. இதற்குப் பேர் சஸ்பென்ஸ் இல்லை சார், பதுக்கல்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. நம்ம வினைமுற்று எல்லாத்தையும் போட்டுக்கொடுத்துவிடும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ஆணா, பெண்ணா, மரியாதைப்பட்டவரா, மாடா என்று கடைசி எழுத்தில் தெரிந்துவிடும். அதனால் நாய் ட்விஸ்ட்டை எழுத வேண்டுமென்றால் தன்மையில் எழுதுவதுதான் வசதி. வந்தேன், படுத்தேன், வாலை மட்டும் ஆட்டாமல் இருந்தேன் :-) நாய்க்கதை எல்லாம் "நான்" கதையாக இருப்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டரை "அவள்" என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஸ்கூட்டர் என்றால் அது பச்சைப் பொய்.

ஆனால் அதே வினைமுற்றுதான் குட்டிக்கதைக்குக் கிடைத்த பெரிய வரம். "அப்பா வந்தார்" என்பதற்கும் "அப்பா வந்தான்" என்பதற்கும் நடுவில் ஒரு நாவல் இருக்கிறது. மூணு வரி மாமனாரை "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நாலாவது வரியில் "நீ" என்கிறான். திருப்பம் வேண்டும் என்றால் இதுதான் திருப்பம்! யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை, நம்ம கண் முன்னாலேயே நடந்தது. இதை எந்தப் பட்டறையிலும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அப்போ ஓ.ஹென்றி?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1905-ல் வந்த "தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை" கதையில் மனைவி கூந்தலை விற்றுப் புருஷனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கியிருக்கிறான். அது நமக்குத் தெரிகிற அதே நொடியில்தான் அவளுக்கும் தெரிகிறது. அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் திரும்பப் படிக்க முடிகிறது.

நம்ம பக்கத்துக்கு வாங்க. புதுமைப்பித்தனின் "பொன்னகரம்", 1934. ரெண்டு மூணு பக்கம்தான். அதன் முடிவு செம அடி. ஆனால் அம்மாளு என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடும். கடைசியில் வருவது புதுத் தகவல் இல்லை. படிக்கிற உன்னுடைய யோக்கியதை என்ன என்ற கேள்வி. கடைசி வரிக்கு இப்படியும் ஒரு வேலை கொடுக்கலாம்.

அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பேர் "தலைகீழ் சோதனை". கடைசி வரியில் இருக்கிற ரகசியத்தை எடுத்து முதல் வரியில் போடுங்கள். அதற்குப் பிறகும் கதை உயிரோடு இருந்தால் அது கதை. செத்துப்போனால் அது விடுகதை. விடுகதையும் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்குப் பட்டறை தேவையில்லை, பாட்டி போதும்.

சும்மா பேசிக்கொண்டே இருந்தால் எப்படி? செய்து பார்ப்போம். முதலில் வழக்கமான முறையில் ஒரு கதை:

தாலுகா ஆபீஸ் வரிசையில் ராகவன் ரெண்டு மணி நேரம் நின்றான். "அவ பேரை ரேஷன் கார்டுல இருந்து எடுத்துடுங்க சார்." கிளார்க் முறைத்தார். "ஏன்யா, வீட்ல சண்டையா?" ராகவனுக்குத் தொண்டை அடைத்தது. அவளோடு சண்டை போடாத நாளே கிடையாது. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை. மெதுவாகப் பையைத் திறந்து காகிதத்தை நீட்டினான். அவன் அம்மாவின் இறப்புச் சான்றிதழ்.

இது சுமாராகப் பரிசு வாங்கும் :-) இப்போ சோதனை. முதல் வரியிலேயே "அம்மா இறந்துவிட்டாள்" என்று போடுங்கள். "சண்டையா?", "அவ பேரை" எல்லாம் அசட்டு நடிப்பாகிவிடும். அம்மாவை "அவ" என்று மொட்டையாகச் சொல்ல வைத்தது ராகவன் இல்லை, ட்விஸ்ட்.

சரி, ரகசியத்தை முதலிலேயே உடைத்துவிட்டோம். இனி மறைக்க எதுவும் இல்லை. அப்போதான் உருப்படியான கேள்வி வருகிறது: அம்மா இல்லாதது இந்த வீட்டில் எங்கே இடிக்கும்? தாலுகா ஆபீஸில் இடிக்காது, அங்கே அது ஒரு பேப்பர். வீட்டுக்குள் போக வேண்டும். எந்த ரூம்? எத்தனை மணிக்கு? யார் கையில்? இப்படிக் கேட்டுக்கொண்டே போய் வந்து நின்றது இது:

அம்மா பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க ராகவன் தாலுகா ஆபீஸ் போயிருந்தான். இறப்புச் சான்றிதழைப் புரட்டிய கிளார்க், "இனி மூணு பேர்தான்" என்றார்.

ராத்திரி மனைவி உலைக்கு அரிசி அளந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது டம்ளரை அரிசிப் பானைக்குள் விட்ட கை அப்படியே நின்றது. திரும்பி அவனைப் பார்த்தாள்.

"போடு," என்றான் ராகவன். "காலைல நான் பழையது சாப்பிட்டுக்கறேன்."

பெரிய காவியம் எல்லாம் இல்லை. ஆனால் யாரையும் ஏமாற்றவில்லை. நடுவில் லஞ்சம் கேட்கிற ஒரு வரி இருந்தது. அது வேற கதை, தூக்கிவிட்டேன். மாலை போட்ட போட்டோ, "கண்ணீர்", "வெறுமை" எல்லாம் அவுட். ஒரு நண்பனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவங்க அம்மாதானே தினமும் பழையது சாப்பிடுவாங்க?" என்றான். நான் அதை எழுதவே இல்லை! அவன் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். குட்டிக்கதையில் பாதி இப்படி வாசகன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இதை ஃப்ரெட்ரிக் பிரவுன் அழகாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய "நாக்" (1948) கதை, ரெண்டே வாக்கியத்தில் முடிகிற ஒரு பேய்க்கதையோடு ஆரம்பிக்கும். உடனேயே அவர், பயம் அந்த ரெண்டு வாக்கியத்தில் இல்லை, சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது என்று விளக்குவார். அப்புறம் அந்த இடத்தை நிரப்பி ஒரு முழுக்கதையே எழுதுவார். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

அடுத்தது வார்த்தைக் கணக்கு. 55 வார்த்தைக் கதை என்பது 1987-ல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் "நியூ டைம்ஸ்" பத்திரிகைக்காக ஸ்டீவ் மாஸ் ஆரம்பித்த போட்டி. நம்மில் பலருக்கு அது சுஜாதா வழியாக வந்தது. அதே 55-ஐ அப்படியே தமிழிலும் வைத்துக்கொண்டோம். கொஞ்சம் யோசியுங்கள். "போயிருந்தான்" நமக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷில் "ஹி ஹேட் கான்", மூணு. "ரேஷன் கார்டிலிருந்து" ரெண்டு. அங்கே "ஃப்ரம் தி ரேஷன் கார்ட்", நாலு. மேலே இருக்கிற கதை 43 வார்த்தை. இங்கிலீஷில் பெயர்த்தால் 55-ஐத் தாண்டிவிடும். ஆக தமிழில் 55 என்பது ரொம்பத் தாராளமான பட்ஜெட். அதற்குள்ளேயே "போய்க் கொண்டு இருந்த போது" என்பதை ஒட்டி ஒரே வார்த்தையாக்கிக் கணக்குக் காட்டுகிறோம், நல்லா இருக்கு நியாயம் :-)

இன்னொரு உதாரணம். குவாதமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மொந்தெர்ரோசோவின் டைனோசர் கதை (1959) ஸ்பானிஷில் மொத்தமே ஏழு வார்த்தை. அதில் தூங்கி விழித்தது ஆணா பெண்ணா என்று இருக்காது. இங்கிலீஷுக்குக் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் "ஹி", "ஷி" என்று ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கும். தமிழில் எச்சத்தைப் போட்டு அந்த மர்மத்தை அப்படியே காப்பாற்றலாம். போட்டுக்கொடுப்பது முற்று, காப்பாற்றுவது எச்சம். நம்ம மொழியில் எது சுலபம், எது கஷ்டம் என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் பாடம். எண்ணிக்கை பாடம் இல்லை.

சரி, சொல்லிக்கொடுக்கவே முடியாதா? தாராளமாக முடியும். யாராவது என்னைக் கூப்பிட்டால் (கூப்பிட மாட்டார்கள்) இப்படித்தான் செய்வேன்:

1. முதல் வாரம் கதையே கிடையாது. உங்க வீட்டில் யாரோ ஒருத்தர் யாருக்கும் தெரியாமல் செய்கிற ஒரு சின்னக் காரியத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும்.

2. அதைப் பாதியாக்குங்கள். அப்புறம் அதையும் பாதியாக்குங்கள். வெட்டின ஒவ்வொரு வரிக்கும் ஏன் வெட்டினேன் என்று பக்கத்தில் எழுதுங்கள். "வாசகனுக்கே தெரியும்" என்றால் சரி. "வார்த்தை ஜாஸ்தி" என்றால் திரும்ப ஒட்டுங்கள்.

3. சோகம், கண்ணீர், மௌனம், தனிமை நான்கையும் எடுத்துவிடுங்கள். கதை காலியாகிவிட்டால் அங்கே முதலிலேயே ஒன்றும் இருந்ததில்லை.

4. தலைகீழ் சோதனை.

5. சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் "நல்லாருக்கு, நல்லால்லை" சொல்லக்கூடாது. என்ன புரிந்தது என்று மட்டும் சொல்லணும். நீங்கள் எழுதாதது எதையாவது சொன்னால் பாஸ்.

இதில் ஐந்தாவதுதான் முக்கியம். ஜூனியர் பொண்ணு விஷயத்தில் அந்த ஒருத்தர் "பஞ்ச் இல்லையே" என்று சொல்வதற்குப் பதிலாக, "அப்போ பாட்டிக்குத் தெரியுமா, பேத்திதான் திருத்தறான்னு?" என்று கேட்டிருக்கலாம். கதை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. தெரிந்தே சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று முடிவு செய்ய முடியாதபடி எழுதியிருந்தாள் அந்தப் பொண்ணு. அவளுக்கே தெரியாமல் வந்த நல்ல இடம் அது. ஆசிரியர் வேலை அதைக் காட்டுவதுதான்.

புதிதாக எழுதுகிறவர்கள் சொன்னதை உடனே நம்பிவிடுவார்கள். அதனால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சாமிகளா. உங்க பழைய கதைகளில் ஒன்றை எடுத்துத் தலைகீழ் சோதனை செய்துவிட்டு என்ன ஆச்சு என்று எழுதுங்கள். நானும் படிக்கிறேன்.

பி.கு: குட்டிக்கதை வகுப்பு என்றாலே ஹெமிங்வே பந்தயம் கட்டி ஆறு வார்த்தையில் எழுதிய குழந்தைச் ஷூ கதையோடுதான் ஆரம்பிப்பார்கள். அவர் எழுதியதற்கு ஆதாரம் கிடையாது. அவர் இறந்தது 1961. அதை அவர் பேரில் ஏற்றிய புத்தகம் வந்தது 1991. அதே மாதிரி வரி விளம்பரங்கள் 1900-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் இருந்திருக்கின்றன. யாரோ ஒரு வீட்டில் ஷூ மிச்சம், அதை ஒரு வரி விளம்பரமாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.