நம் ஊர்த் தோலுக்கு விலை சொல்வது யார்?



உலகத்தில் இன்று பெரிய கை யாருடையது? நம் கேன்டீனில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "அமெரிக்காதான்" என்பான் ஒருவன். "அதெல்லாம் போன காலம்டா, இப்ப சீனாதான்" என்பான் இன்னொருவன். "இன்னும் இருபது வருஷம் பொறு, நாமதான்" என்று மூன்றாமவன் மேசையைத் தட்டுவான். கடைசியில் ஒரு நண்பன், "ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன? நமக்குச் சம்பளம் வந்தா போதும்" என்று முடித்து வைப்பான்.

அந்தக் கடைசி நண்பனுக்காகத்தான் இந்தக் கட்டுரை. வேறு ஊருக்கு அந்தப் பழமொழி பொருந்தலாம். ஆம்பூருக்குப் பொருந்தாது! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்த ஊர்களில் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிவது வெளிநாட்டுக்காரன் காலில் போடும் ஷூவை நம்பித்தான். அவன் ஊரில் ஆட்சி மாறினால், சட்டம் மாறினால், ஃபேஷன் மாறினால் நம் தெருவில் அரிசி வாங்கும் அளவு மாறுகிறது.

ஆவாரம்பட்டையும் லண்டன் ஏலமும்

வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்துத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு இங்கே பதனிடுவார்கள். அது முழுமையாக முடிந்த சரக்கு கிடையாது. கப்பலில் லண்டன் போய், அங்கே ஏலத்தில் விலை போய், அங்கேதான் மெருகேறும். குழியில் நின்றவன் நம் தாத்தா. ஏலம் கூறியவன் லண்டன்காரன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு நம் தோல் மேல்பாகமாகப் போனது.

அதே நேரத்தில் கல்கத்தாவின் பச்சைத் தோல் வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகள் கோலோச்சின. 1914 இல் போர் வந்ததும் அந்தப் பிடி அறுந்தது. 1919 இல் வெள்ளை அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் தோலுக்கு மட்டும் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி! வரியை ஆயுதமாக வீசுவது இன்றைக்குக் கண்டுபிடித்த வித்தை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

லண்டனில் தோலுக்குப் பேர் போன இடம் பெர்மண்ட்ஸி. இன்று அங்கே பதனிடும் வேலை இல்லை. பழைய தோல் சந்தைக் கட்டடத்தில் அலுவலகங்கள் நடக்கின்றன. அமெரிக்காவில் ஷூ நகரம் என்று கொடி கட்டிப் பறந்த பிராக்டனிலும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே பெரிய கை என்பது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது அல்ல. அது இடம் மாறும்.

பொருளாதார வரலாற்று அறிஞர் ஆங்கஸ் மேடிசன் போட்ட கணக்குப்படி, 1700 இல் உலக உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தியாவில் நடந்தது. 1950 இல் அது 4 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இறங்கியது ஏறவும் செய்யலாம் அல்லவா?

ஒரு முடிவு செய்த வேலை

ஏறியதற்கு நம் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. 1948 இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. விஞ்ஞானி நாயுடம்மா போன்றவர்கள் ஆராய்ச்சியை டேனரி வாசலுக்கே கொண்டு வந்தார்கள். 1972 இல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் விற்றுக்கொண்டிருந்தால் கூலி மட்டும்தான் மிஞ்சும், முடிந்த தோலையும் ஷூவையும் விற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1973 முதல் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கோட்டா வைத்தது. அப்போது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஆம்பூரில் இன்று ஷூ கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும்போது சாலை நிறைய பெண்கள் வருகிறார்களே, அந்தக் காட்சிக்கு விதை அன்று போட்டதுதான்.

கொஞ்சம் அதிகாரத்தை நம் பக்கம் இழுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் அங்கே, வாளி இங்கே

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பென்டா குளோரோ பீனால் என்ற மருந்தைப் போடுவார்கள். 1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி அதைத் தடை செய்தது. அவ்வளவுதான், நம் பக்கத்து ஏற்றுமதி ஆட்டம் கண்டது. மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று, பரிசோதனைக் கூடம் தேட வேண்டியதாயிற்று. 1994 இல் சில வகை அசோ சாயங்களுக்கும் ஜெர்மனி தடை கொண்டு வந்தது. மறுபடியும் அதே ஓட்டம்.

அந்தத் தடைகள் நல்லவைதான். அந்த மருந்தைக் கையால் தொட்டவர்கள் நம் ஆட்கள்தானே! என் கேள்வி வேறு. நம் தொழிலாளியின் கைக்கு ஆபத்தான ஒன்றை நிறுத்த, ஜெர்மன்காரன் கால் அரிக்கிற வரை ஏன் காத்திருந்தோம்? தரத்தை எழுதுகிறவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. நாம் எழுதவில்லை. எழுதியதைப் படித்துக்கொண்டோம்.

தையல் மெஷின் சொல்லும் சேதி

இயந்திரவியல் மாணவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷூ தைக்கும் உலகத்தில் பிஃபாஃப், டூர்காப் அட்லர் என்று இரண்டு ஜெர்மன் மெஷின்களுக்குத் தனி மரியாதை. "ஜெர்மன் மெஷின்பா" என்று சொல்லும்போதே ஆபரேட்டர் குரலில் ஒரு கெத்து வரும். அந்த இரண்டும் இன்று யாருடையவை தெரியுமா? டூர்காப் அட்லர் 2005 இலும், பிஃபாஃப் தொழில் மெஷின் பிரிவு 2013 இலும் ஷாங்காய் நகரத்துத் தையல் மெஷின் நிறுவனத்தின் கைக்குப் போயின. 1825 இல் இங்கிலாந்தில் தொடங்கிய கிளார்க்ஸ் ஷூ நிறுவனத்தின் பெரும்பங்கு 2021 இல் ஹாங்காங் முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. பெயர்ப் பலகை ஐரோப்பாவில், சாவி ஆசியாவில்!

உலகில் உற்பத்தியாகும் காலணியில் பாதிக்கு மேல் சீனாவில் ஆகிறது. உற்பத்தியில் இரண்டாம் இடம் நமக்கு. ஆனால் ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்து நிற்பது வியட்நாம். தைவான் கதை இன்னும் பாடம். வேறு நாட்டு பிராண்டுகளுக்கு ஷூ செய்து கொடுப்பவர்களாகத்தான் அவர்கள் தொடங்கினார்கள். அச்சு செய்யக் கற்றார்கள், சோல் வார்க்கக் கற்றார்கள். கூலி ஏறியதும் தொழிற்சாலையைச் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் நகர்த்தினார்கள். மூளையை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். இப்போது அவர்கள் நம்மிடமே வருகிறார்கள். 2024 இல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே செய்யப்போவது தோல் இல்லாத காலணி. இது நம் தோல் ஊர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

பாலாறு கொடுத்த விலை

ஷூவின் விலைச் சீட்டில் ஒரு கணக்கு எழுதப்படுவதே இல்லை. அது பாலாறு. பணக்கார நாடுகள் அழுக்கு வேலையை வெளியே தள்ளின. அது வந்து இறங்கிய இடங்களில் நம் ஊரும் ஒன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 வருடத்துக்கும் மேல்!

எங்க அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். "தண்ணி கெட்டது உண்மைதான்டா, ஆனா டேனரி மூடினா நாம என்ன சாப்பிடறது?" என்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதுதான் அதிகாரம் இல்லாத ஊரின் அடையாளம்.

ஆகஸ்ட் 2025

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. மொத்தம் 50. அப்போது வியட்நாமுக்கு 20 தான்.

எங்க அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூ அப்பரைக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் செப்டம்பரில் மூட்டை கொண்டு வருகிறவர் மூன்று வாரம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கு, "அமெரிக்காக்காரன் ஆர்டரை நிறுத்திட்டான்கா" என்றார். அம்மா என்னிடம் கேட்டார்: "நாம என்னடா பண்ணோம் அவனுக்கு?"

என்ன பதில் சொல்ல? ரஷ்யா, உக்ரைன், எண்ணெய், வாஷிங்டன் என்று வரைபடம் போட்டு விளக்கலாம். ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரே வாடிக்கையாளரின் முகம் பார்த்து வாழ்கிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு? 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்லதுதான், ஒன்றுக்கு நாலு சந்தை வேண்டும். வரி பிறகு ஏறும், இறங்கும். மூட்டை வராத வாரத்துக்கு வீட்டில் தைப்பவர்களுக்கு ஒரு பைசாப் பாதுகாப்பு இல்லை என்பது மட்டும் ஏறாமல் இறங்காமல் அப்படியே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

2022 இல் நம் நாடு பிரிட்டனைத் தாண்டி உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் ஆனது என்று கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். ஆனால் கூலி மலிவு என்பதற்காக வருகிறவன், இதைவிட மலிவு எங்கே என்று பார்த்துப் போயும் விடுவான். மலிவு ஒரு பலம் ஆகாது. தைவான் காட்டிய வழி வேறு. அந்த வழியில் டிப்ளமோ படித்தவனுக்குத்தான் முதல் வேலை இருக்கிறது.

ஷூ லாஸ்ட் வடிவமைப்பு, கட்டிங் டை, சோல் மோல்டு, மெஷின் பராமரிப்பு, ரசாயனப் பரிசோதனை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு... இவற்றில் எது நம் பாடத்துக்கு வெளியே? மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில் மூன்றுக்கும் இதில் இடம் உண்டு. நம்மில் பலர் சான்றிதழ் வாங்கியதும் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ காண்ட்ராக்ட் வேலைக்குப் பஸ் ஏறுகிறோம். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம் எனக்கும் உண்டு. போகிற இடத்தில் மெஷினை ஓட்ட மட்டும் கற்காமல், அதைச் செய்யவும் கற்போம் என்றுதான் கேட்கிறேன்.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள். வருடம் ஒருமுறை அடையாறு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கல்விச் சுற்றுலா வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டில் சில குழுக்களாவது நம் பகுதித் தொழிலின் பிரச்சினையை எடுக்க வேண்டும். பாலாற்றுக் கிணற்று நீரை மாதந்தோறும் சோதித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டும் மாணவர் குழு ஒன்று வேண்டும். மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

யார் ஆண்டால் என்ன என்று கேட்பவன் விலையைக் கேட்டு வாங்கிக்கொள்பவன். விலையைச் சொல்லும் இடத்துக்கு நாம் போக வேண்டாமா?

சிந்திப்போம் நண்பர்களே! செயல்படுவோம்!

– மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை